தமிழில் நீதி தந்த முன்சீப்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிப் பின்னர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக நீதி வழங்கினார்.

அந்நாளில் மேல்மன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்கில் நிலமிழந்த உழவன், எக்காரணத்தால் இழந்தான் என்பதையும் அறியாது வீடு திரும்பினான். இக்குறையைக் களையக் கருதிய பிள்ளையவர்கள், 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து நூலாக்கினார். 1859 இல் வெளியான தமது நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்தார். 1879 இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழர் வழக்குகள் தமிழிலேயே நடைபெற வேண்டுமென வற்புறுத்தினார். 1889 இல் மறைந்தார்.

அந்நிய மொழி அலுவலகங்களில் பெற்றோருக்காகப் பேசும் நம் மாணவச் செல்வங்கள், அப்பெரியாரின் பணியருமையை நன்குணர்வர்.