லௌரி ராப்பலா

லௌரி ராப்பலா (நவம்பர் 27, 1905 - அக்டோபர் 20, 1974) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மீனவரும், தூண்டில் மீன்பிடிப்பில் பயன்படும் செயற்கை இரைகளை வடிவமைத்தவரும் ஆவார். காயமுற்ற சிறு மீன் ஒன்றின் அசைவை மரத்தால் செய்த பொம்மை மீனில் கொண்டுவந்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். தம் குடும்பத்தின் பிழைப்புக்காக இவர் செதுக்கிய இரை, பிற்காலத்தில் வட அமெரிக்காவின் பாஸ் மீன் பிடிப்பவர்களிடையே மிகுந்த வரவேற்பைப் பெற்றது. இவரது பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்று உலகின் பெரிய மீன்பிடி கருவி நிறுவனங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

பிறப்பும் பெயரும்

லௌரி, தென் பின்லாந்தில் உள்ள சிஸ்மா என்னும் ஊர்ப் பகுதியில் பிறந்தார். தாயார் மரி சாரினென். லௌரி சிறுவனாக இருந்தபோது தாயும் மகனும் அருகிலுள்ள அசிக்கலா என்னும் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அக்காலத்தில் பின்லாந்தில் மக்கள் பதிவேடுகளைத் தேவாலயங்களே பேணிவந்தன. புதிதாக வந்தவர்களைப் பதிவு செய்த குரு, தாயாரின் குடும்பப் பெயர் நினைவுக்கு வராமையால், அவர்கள் முன்பு வாழ்ந்த சிற்றூரின் பெயரான ராப்பலா என்பதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார் எனக் கூறப்படுகிறது. பின்னிய மொழியில் ராப்பா என்பது சேற்றைக் குறிக்கும் சொல்லாகும். இவ்வாறு தற்செயலாக அமைந்த பெயரே பின்னாளில் உலகறிந்த வணிகப் பெயராயிற்று.

வறுமையான சூழலில் வளர்ந்த லௌரி, குளிர்காலத்தில் மரம் வெட்டும் வேலையும் ஏனைய காலங்களில் மீன்பிடித் தொழிலும் செய்து வந்தார். 1928 ஆம் ஆண்டில் எல்மா லெப்பானன் என்பவரை மணந்தார். குடும்பம் பெருகவே வருமானத்தின் தேவையும் பெருகியது.

பையான்னே ஏரியில் மீன்பிடித்தல்

அசிக்கலா, பையான்னே ஏரியின் தென்கரையில் அமைந்துள்ளது. பின்லாந்தின் இரண்டாவது பெரிய ஏரியும் மிக ஆழமான ஏரியும் இதுவே. பைக், டிரவுட், பெர்ச் ஆகிய இரைகொல்லி மீன்கள் இதில் வாழ்கின்றன. லௌரி இங்கு வலை கொண்டும், ஆயிரங்கால் தூண்டில் கொண்டும் மீன்பிடித்தார். ஆயிரங்கால் தூண்டில் என்பது ஒரு நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைத் தொங்கவிடும் முறை. ஒவ்வொரு முள்ளிலும் உயிருள்ள அல்லது இறந்த சிறு மீனை இரையாகக் கோர்க்க வேண்டும். எனவே பெரிய மீனைப் பிடிக்கும் முன்னர் இரைக்கான சிறு மீனைப் பிடிப்பதிலும், அதைக் கோர்ப்பதிலும், தின்னப்பட்ட இரையை மாற்றுவதிலும் நாளின் பெரும்பகுதி கழிந்துவிடும். படகைத் துடுப்பால் வலித்தபடி, பின்னால் இரையை இழுத்துச் செல்லும் முறையையும் இவர் கையாண்டார்.

நீண்ட நேரம் படகில் தனித்திருந்த லௌரி, நீருக்குள் நிகழ்வதைக் கூர்ந்து கவனித்தார். இரைகொல்லி மீன்கள் சிறு மீன் கூட்டத்தை நெருங்கும்போது, கூட்டத்தில் உள்ள எல்லா மீன்களையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. நேராக நீந்தும் நூறு மீன்களை விட்டுவிட்டு, சற்றே தள்ளாடி நீந்தும் ஒரு மீனையே அவை முதலில் தாக்கின. நோயுற்ற அல்லது காயமுற்ற மீனைப் பிடிப்பதற்குக் குறைந்த உழைப்பே போதும் என்பதே இதன் காரணம். இவ்வாறு தள்ளாடும் ஒரு பொம்மை மீனைச் செய்துவிட்டால், இரை மீன் தேடும் வேலை மிச்சமாகும் என லௌரி எண்ணினார்.

முதல் செயற்கை இரை

1936 ஆம் ஆண்டில் லௌரி தக்கையில் சிறு மீன் வடிவம் ஒன்றைச் செதுக்கினார். செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் கத்தியும் உப்புத்தாளுமே இவரது கருவிகள். உடலின் மேற்பூச்சாக சாக்லேட் சுற்றிவரும் பளபளப்பான உலோகத் தாளை ஒட்டினார். அது நீரில் உரியாதிருக்க, பழைய நிழற்படச் சுருள்களை உருக்கி மேலே பூசினார். பலமுறை முயன்ற பின்னரே விரும்பிய அசைவு கிடைத்தது. வெற்றிகரமாக மீன் பிடித்த முதல் இரை, முதுகில் கறுப்பும் பக்கங்களில் பொன்னிறமும் வயிற்றில் வெள்ளையும் கொண்டிருந்தது எனக் கூறப்படுகிறது.

அக்காலத்தில் வேறு செயற்கை இரைகள் இல்லாமல் இல்லை. கரண்டி வடிவ உலோகத் தகடுகளும், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் போன்றோர் உருவாக்கிய மர இரைகளும் ஏற்கனவே வழக்கில் இருந்தன. லௌரியின் இரை எடை குறைந்தது என்பதாலும், இழுக்கும்போது உடல் முழுவதும் இருபக்கமும் மாறி மாறிச் சாய்ந்தது என்பதாலும் அவற்றிலிருந்து வேறுபட்டது.

தாம் செய்த ஒவ்வோர் இரையையும் லௌரி நீரில் இழுத்துச் சோதித்த பின்னரே பயன்படுத்தினார். சோதனையில் தவறும் இரையைத் திருத்துவார். இவ்வழக்கம் பின்னர் தொழிற்சாலையிலும் தொடர்ந்தது. அங்கு இரைகள் நீர்த்தொட்டியில் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துச் சோதிக்கப்பட்டன.

போர்க்காலம்

1939 நவம்பரில் சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியதால் குளிர்காலப் போர் தொடங்கியது. இது 1940 மார்ச்சில் முடிவுற்றபோதும், 1941 முதல் 1944 வரை மீண்டும் போர் நடைபெற்றது. லௌரியும் போர்ப்பணிக்குச் சென்றார். போர்க்காலத்தில் தக்கை கிடைப்பது அரிதானதால் பைன் மரப்பட்டையைக் கொண்டு இரைகளைச் செதுக்கினார். பின்னர் மிகவும் எடை குறைந்த பல்சா மரம் முதன்மை மூலப்பொருளாயிற்று.

போருக்குப் பின் அயலவர்களும் இரைகளைக் கேட்டு வாங்கத் தொடங்கினர். செதுக்குதல், தாள் ஒட்டுதல், வண்ணம் பூசுதல் ஆகிய வேலைகளில் குடும்பத்தினரும் ஈடுபட்டனர். மகன்கள் ரெய்யோ, ரிஸ்டோ, என்சியோ ஆகியோர் பிற்காலத்தில் தொழிலை விரிவாக்கினர். 1952 ஆம் ஆண்டில் எல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளுக்கு வந்த வெளிநாட்டவர் சிலர் இவ்விரைகளை வாங்கிச் சென்றமையால், அவை நாட்டுக்கு வெளியேயும் அறிமுகமாயின.

அமெரிக்காவில் பரவல்

1959 ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரான் வெபர் என்னும் மீன்பிடி கருவி விற்பனையாளர் ராப்பலா இரையின் திறனைக் கண்டறிந்தார். அவரும் மினியாபொலிசு நகரில் மீன்பிடி கருவிக் கடை நடத்திவந்த ரே ஆஸ்ட்ரமும் இணைந்து பின்லாந்துக்குக் கடிதம் எழுதி, இரைகளை இறக்குமதி செய்யத் தொடங்கினர். இவர்களது வணிகம் பின்னர் நார்மார்க் என்னும் பெயரில் வளர்ந்தது.

லைஃப் இதழ் தனது ஆகஸ்ட் 17, 1962 பதிப்பில் ராப்பலா இரை குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அம்மாதத் தொடக்கத்தில் இறந்த நடிகை மர்லின் மன்றோவின் படம் அவ்விதழின் அட்டையில் இடம்பெற்றிருந்தது. அதனால் அவ்விதழ் பெருமளவில் விற்பனையானது. கட்டுரையும் அவ்வளவு பேரைச் சென்றடைந்தது. இதனைத் தொடர்ந்து ஏறத்தாழ 30 இலட்சம் இரைகளுக்குக் கேட்புகள் வந்ததாக நிறுவன வரலாறு கூறுகிறது. கையால் செதுக்கும் ஒரு குடும்பத்தால் இதனை நிறைவேற்ற இயலாது. அமெரிக்கக் கடைகள் சில, கைவசம் இருந்த இரைகளை முன்பணம் பெற்றுக்கொண்டு நாள் வாடகைக்கு விட்டன என்றும் சொல்லப்படுகிறது. 1960களின் முற்பகுதியில் அசிக்கலாவின் வாக்சு என்னும் ஊரில் தொழிற்சாலை அமைக்கப்பட்டு, இயந்திரங்களின் துணையுடன் உற்பத்தி பெருக்கப்பட்டது.

இரையின் எடைக்குறைவே அதன் சிறப்பும் குறையும் ஆகும். எடை குறைந்த இரையைத் தடித்த நூல் சுற்றிய பழைய வகை ரீலைக் கொண்டு தொலைவில் எறிவது கடினம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மெல்லிய நைலான் நரம்பும், சுருள் அசையாமல் நரம்பு மட்டும் உருவி வரும் ரீலும் பரவலாயின. இவற்றின் வரவு ராப்பலா இரையின் பரவலுக்குத் துணைபுரிந்தது. 1960களில் ரெபல் போன்ற நிறுவனங்கள் இதே வடிவத்தை நெகிழியில் செய்து விற்கத் தொடங்கின.

பாஸ் மீன்பிடிப்பில் பயன்பாடு

பாஸ் என்னும் ஆங்கிலப் பெயர் பல வேறுபட்ட மீன்களைக் குறிக்கும். தமிழகக் கடற்கரையில் கிடைக்கும் கொடுவா மீனும் ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என அழைக்கப்படுவதுண்டு. இங்குக் குறிக்கப்படுபவை வட அமெரிக்க நன்னீர் மீன்களான பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகியனவாகும். பெருவாய் பாஸ், நீர்த்தாவரங்களின் ஓரத்திலும் மூழ்கிய மரங்களின் நிழலிலும் மறைந்திருந்து, அருகில் வரும் இரையைப் பாய்ந்து விழுங்கும். கண்பார்வையோடு, நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோட்டு உறுப்பும் இதற்கு உதவுகிறது. பின்லாந்தின் ஏரிகளில் இம்மீன்கள் இல்லை. எனினும் தள்ளாடும் சிறு மீனைத் தேர்ந்து தாக்கும் இயல்பு பைக் மீனுக்கும் பாஸ் மீனுக்கும் பொதுவானது. ஆகவே பைக் மீனைக் கருதிச் செய்யப்பட்ட இரை பாஸ் மீனுக்கும் பொருந்தியது.

லௌரியின் மூல வடிவம் மிதக்கும் வகையைச் சேர்ந்தது. இதன் முகப்பில் உதடு போன்ற சிறு தகடு உள்ளது. இழுக்கும்போது நீர் இத்தகட்டில் மோதுவதால் இரை தலை தாழ்த்தி மூழ்கும்; உடல் இருபக்கமும் ஆடும். இழுப்பதை நிறுத்தினால் மெதுவாக மேலெழும். இவ்விரைகளின் அளவு எண் சென்டிமீட்டரில் அவற்றின் நீளத்தைக் குறிக்கிறது. சான்றாக, 11 என எண்ணிட்ட இரை ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமுடையது. அவ்விடத்தில் பாஸ் மீன்கள் உண்ணும் சிறு மீன்களின் நீளத்துக்கு ஏற்ப அளவைத் தேர்வது வழக்கம். தெளிந்த நீரில் வெள்ளி நிறத்தையும், கலங்கிய நீரில் பொன்னிறத்தையும் பலர் விரும்புகின்றனர்.

கரையோர ஆழமற்ற நீரில் இதனைப் பயன்படுத்தும் முறை எளிமையானது. இரையைத் தாவரங்களின் ஓரத்தில் எறிந்து, எழும் வட்ட அலைகள் அடங்கும் வரை அசைக்காமல் விடுவர். பின்னர் தூண்டில் கோலின் நுனியை மெல்லச் சுண்டினால் இரை ஒரு முறை மூழ்கித் துடித்து மீண்டும் மிதக்கும். இறக்கும் தறுவாயில் உள்ள மீனின் தோற்றத்தை இது தருகிறது. பெரும்பாலும் இரை அசையாமல் நிற்கும் அந்த இடைவெளியிலேயே பாஸ் தாக்கும். நீர் குளிர்ந்திருக்கும்போது மீனின் இயக்கமும் மந்தமாகும் என்பதால் இடைவெளியை நீட்டிக்க வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது நிறுத்தாமல் சீராக இழுப்பதும் பலன் தரும். ஆழமான இடங்களுக்கு மூழ்கும் வகை பின்னர் உருவாக்கப்பட்டது. இது நொடிக்கு ஏறத்தாழ ஓர் அடி வீதம் இறங்கும். எனவே எறிந்த பின் மனத்துக்குள் எண்ணி, வேண்டிய ஆழம் வந்ததும் இழுக்கத் தொடங்கலாம்.

இரையின் அசைவைக் காப்பதே இதில் முதன்மையானது. நரம்பை இரையின் முகப்பு வளையத்தில் இறுக்கிக் கட்டினால் ஆட்டம் குறையும். ஆகவே வளையத்தைச் சுற்றித் தளர்வான கண்ணி அமையுமாறு முடிச்சிடுவர். இதற்கென அமைந்த முடிச்சு ஒன்று ராப்பலா முடிச்சு என்றே அழைக்கப்படுகிறது. கனமான இணைப்புக் கொக்கிகளும் மெல்லிய இரையின் ஆட்டத்தைக் கெடுக்கும். மீன் கடித்த பின்னரோ கல்லில் மோதிய பின்னரோ இரை ஒருபக்கமாக விலகி ஓடுமாயின், முகப்பு வளையத்தை எதிர்ப்பக்கமாகச் சிறிதளவு வளைத்துச் சரிசெய்யலாம். இடப்புறம் விலகினால் வலப்புறமாகவும், வலப்புறம் விலகினால் இடப்புறமாகவும் வளைக்க வேண்டும். படகில் அமர்ந்து லௌரி செய்த சோதனையையும் திருத்தத்தையும் இவ்வாறு ஒவ்வொரு பயனரும் மீண்டும் செய்கிறார்.

அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப்பு 1960களின் பிற்பகுதியில் போட்டி விளையாட்டாக வளர்ச்சியடைந்தது. 1967 ஆம் ஆண்டு ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் நடத்திய போட்டி இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பின்வந்த ஆண்டுகளில் இரைகளின் வகைகள் பன்மடங்கு பெருகின. அவற்றுள் சிறு மீன் வடிவ இரைகள் பலவற்றுக்கு லௌரியின் வடிவமே முன்மாதிரியாக அமைந்தது.

மறைவும் பின்னரும்

லௌரி ராப்பலா அக்டோபர் 20, 1974 அன்று தமது 68 ஆம் அகவையில் காலமானார். நிறுவனம் சில காலம் குடும்பத்தினரின் பொறுப்பில் இயங்கியது. 1998 ஆம் ஆண்டில் எல்சிங்கி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. தூண்டில் முள் தயாரிக்கும் பிரெஞ்சு நிறுவனமான விஎம்சி 2000 ஆம் ஆண்டில் இதனுடன் இணைந்ததை அடுத்து, ராப்பலா விஎம்சி என்னும் பெயர் ஏற்பட்டது. நெகிழியாலான நூற்றுக்கணக்கான இரை வகைகள் சந்தையில் உள்ள போதிலும், 1936 ஆம் ஆண்டின் வடிவத்தை ஒட்டிய பல்சா மர மிதக்கும் இரையும் தொடர்ந்து விற்பனையில் உள்ளது.