துணிப் பந்தில் பழகிய கால்கள்... யார் இந்த வியன்னாவின் 'காகித மனிதர்'?

தெருதான் மைதானம். கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டினால் அதுதான் பந்து. 110 ஆண்டுகளுக்கு முன்பு, வியன்னா நகரின் ஃபாவரிட்டன் பகுதியில் சிறுவர்கள் இப்படித்தான் கால்பந்து ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஓடிய ஒல்லிப் பையன்தான், பின்னாளில் ஐரோப்பாவே வியந்து பார்த்த மத்தியாஸ் சிண்டெலார்.

1903-ல் இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிழைப்பு தேடி குடும்பம் வியன்னாவுக்கு வந்தது. செக் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஏரியா ஃபாவரிட்டன். கொத்தனாரான அப்பா, முதல் உலகப் போரில் 1917-ல் இத்தாலியப் போர்முனையில் இறந்துபோனார். அம்மா துணி துவைத்துக் கொடுத்து நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். மகன் பட்டறையில் இரும்பு வேலை பழகினார். நேரம் கிடைத்தால் தெருவில் ஆட்டம்.

தெரு என்ன கற்றுக்கொடுத்தது?

துணிப் பந்து எகிறாது. காலோடு ஒட்டவைத்தே நகர்த்த வேண்டும். உடம்பில் பலம் இல்லாத பையன், பெரிய பசங்களோடு மோதினால் கீழே விழ வேண்டியதுதான். அதனால் மோதாமல் நழுவுவதே அவரது ஸ்டைல் ஆனது. 1918-ல் ஹெர்தா வியன்னா கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. 20 வயதில் முழங்காலில் பலத்த காயம், ஆபரேஷன். அதன் பிறகு முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டே ஆடியவர், உரசல்களை இன்னும் கவனமாகத் தவிர்த்தார். காற்றில் பறக்கும் காகிதம் போல தடுப்பு வீரர்களுக்கு நடுவே புகுந்து போனதால் 'காகித மனிதர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

1931-ல் ஸ்காட்லாந்தை 5-0 என ஆஸ்திரியா நொறுக்கியது. 'அதிசய அணி' என்று கொண்டாடப்பட்ட அந்த டீமின் மையம் சிண்டெலார். 1934 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போனார்கள்.

1938-ல் நடந்தது என்ன?

மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியுடன் இணைத்தார். ஆஸ்திரிய அணியே இல்லாமல் போனது. ஏப்ரல் 3-ல் இரு தரப்புக்கும் வியன்னாவில் ஒரு 'இணைப்பு' மேட்ச். அதில் ஆஸ்திரியர்கள் 2-0 என ஜெயித்தார்கள். முதல் கோல் சிண்டெலாருடையது. பிறகு ஜெர்மனி அணிக்கு ஆட வந்த அழைப்பை, வயதையும் காயத்தையும் காரணம் காட்டித் தட்டிக்கழித்தார்.

ஆனால், அவரை அப்பழுக்கற்ற ஹீரோவாக மட்டும் பார்க்க முடியாது. அதே ஆண்டு ஃபாவரிட்டனில் அவர் வாங்கிய காபி கடை, ஒரு யூதரிடமிருந்து நாஜிக்கள் பறித்தது. அந்த யூதர் பின்னர் முகாமில் உயிரிழந்தார். கிளப்பிலிருந்து நீக்கப்பட்ட யூதத் தலைவருடன் பேசுவதை நிறுத்தாதவரும் இதே சிண்டெலார்தான். இரண்டுமே உண்மை.

1939 ஜனவரி 23 அன்று, தோழியுடன் வீட்டில் இறந்துகிடந்தார். வயது 35. கார்பன் மோனாக்சைடு விஷவாயுதான் காரணம் என்றது அதிகாரபூர்வ அறிக்கை. தற்கொலையா, கொலையா என்ற பேச்சு இன்னமும் அடங்கவில்லை. இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். துணிப் பந்தோடு அவர் ஓடிய தெருக்களின் மக்களுக்கு, அவர் கடைசிவரை அந்த ஏரியா பையன்தான்.