ஹென்றி எம். லேலண்ட்

ஹென்றி மார்ட்டின் லேலண்ட் (பெப்ரவரி 16, 1843 – மார்ச் 26, 1932) ஓர் அமெரிக்க இயந்திரப் பொறியாளரும் தொழில்முனைவோரும் ஆவார். காடிலாக், லிங்கன் ஆகிய இரு தானுந்து நிறுவனங்களை உருவாக்கியவர். துல்லிய அளவீட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க பாகங்களையும் தானுந்துத் தொழிலில் நிலைநிறுத்தியவராக அறியப்படுகிறார். இங்கிலாந்தின் லேலண்ட் ஊரின் பெயரால் அமைந்த லேலண்ட் மோட்டார்ஸ், அதன் வழிப் பெயர்பெற்ற அசோக் லேலண்ட் ஆகிய நிறுவனங்களுக்கும் இவருக்கும் தொடர்பில்லை.

இளமையும் பயிற்சியும்

லேலண்ட் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் பணியாற்றினார். ஒரு துப்பாக்கியின் பாகம் அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றிலும் பொருந்த வேண்டும் என்ற உற்பத்தி முறையை அங்கே கற்றார். பின்னர் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலையிலும், பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்திலும் பணிபுரிந்தார். பிரவுன் அண்டு ஷார்ப், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் வெர்னியர் அளவிகளையும் திருகு அளவிகளையும் தயாரித்து வந்தது. 1890 ஆம் ஆண்டில் டிட்ராயிட் நகருக்குக் குடிபெயர்ந்து, இராபர்ட் ஃபால்கனர் முதலியோருடன் சேர்ந்து சொந்தமாக இயந்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ஓல்ட்ஸ்மொபில் தானுந்துகளுக்கு இப்பட்டறை எந்திரங்களைச் செய்து கொடுத்தது.

அளவீட்டு முறை

அக்காலத் தானுந்துகளின் பாகங்கள் பெரும்பாலும் அரத்தால் தேய்த்தே பொருத்தப்பட்டன. ஒரு வண்டிக்காகத் தேய்த்த பாகம் வேறொரு வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே, பழுது பார்ப்பவர் புதிய பாகத்தையும் மீண்டும் தேய்க்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக, ஒவ்வொரு பாகத்துக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை என இரு அளவுகளை வகுத்து, அவற்றுக்குள் அடங்காத பாகங்களை ஒதுக்கும் முறையை லேலண்ட் கண்டிப்புடன் கடைப்பிடித்தார்.

இம்முறையின் கணக்கு எளிய தசமக் கழித்தலே ஆகும். எடுத்துக்காட்டாக, உருளையின் (சிலிண்டர்) உள்விட்டம் 5.000 முதல் 5.002 அங்குலம் வரையும், பிஸ்டனின் விட்டம் 4.993 முதல் 4.995 அங்குலம் வரையும் இருக்கலாம் என வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த இடைவெளி 5.000 – 4.995 = 0.005 அங்குலம். மிகக் கூடிய இடைவெளி 5.002 – 4.993 = 0.009 அங்குலம். எந்த உருளையுடன் எந்தப் பிஸ்டனைச் சேர்த்தாலும் இடைவெளி இவ்விரண்டுக்கும் இடையிலேயே அமையும். இடைவெளி குறைந்தால் சூட்டில் விரியும் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் வளிமம் கசிந்து ஆற்றல் வீணாகும்.

பழுது பார்க்கும்போதும் இதே கணக்கு பயன்படுகிறது. தேய்ந்த உருளையின் அளவு 5.01 எனக் கிடைத்தால், அதனை 5.010 என எழுதித் தசமப் புள்ளிகளை நேராக நிறுத்திய பின்னரே 4.995 ஐக் கழிக்க வேண்டும். விடை 0.015 அங்குலம், இது மேற்கண்ட எல்லையை விட 0.006 அங்குலம் மிகுதி.

சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் ஜொஹான்சன் உருவாக்கிய அளவுக் கட்டைகளை அமெரிக்காவில் முதலில் பயன்படுத்திய தொழிற்சாலைகளுள் காடிலாக்கும் ஒன்று.

காடிலாக்

1902 ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு விலகிச் சென்ற நிறுவனம் ஒன்றை மூடிவிட எண்ணிய அதன் முதலீட்டாளர்கள், சொத்துகளை மதிப்பிட லேலண்டை அழைத்தனர். அவரோ தம் எந்திரத்தைக் கொண்டு தானுந்து உற்பத்தியைத் தொடரலாம் என்று அவர்களை இணங்கச் செய்தார். டிட்ராயிட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் நினைவாக அந்நிறுவனம் காடிலாக் எனப் பெயர் பெற்றது.

1908 ஆம் ஆண்டில் அரச தானுந்துக் கழகம் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓட்டத்தடத்தில் காடிலாக்கைச் சோதித்தது. மூன்று ஒற்றை உருளை வண்டிகள் முழுவதுமாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் பாகங்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டன. 89 பாகங்கள் நீக்கப்பட்டு, கடை இருப்பிலிருந்த பாகங்கள் அவற்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டன. ஸ்பேனர், திருப்புளி ஆகியவற்றைக் கொண்டே பணியாளர்கள் மூன்று வண்டிகளையும் மீண்டும் பூட்டினர், அரம் பயன்படுத்தப்படவில்லை. பல நிறப் பாகங்கள் கலந்த அவ்வண்டிகள் பின்னர் 500 மைல் சோதனை ஓட்டத்தையும் நிறைவு செய்தன. இதற்காகக் காடிலாக்குக்கு டூவர் கோப்பை வழங்கப்பட்டது.

1909 இல் ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கை வாங்கியது. லேலண்ட் தலைமைப் பொறுப்பில் நீடித்தார். சார்லஸ் கெட்டரிங் குழுவினர் உருவாக்கிய மின் தொடக்கி 1912 ஆம் ஆண்டு வண்டிகளில் இடம்பெற்றது.

லிங்கனும் இறுதிக் காலமும்

முதலாம் உலகப் போரின்போது வானூர்தி எந்திரங்களைத் தயாரிப்பது குறித்து எழுந்த கருத்து வேறுபாட்டால், 1917 இல் லேலண்டும் அவர் மகன் வில்ஃபிரடும் விலகி லிங்கன் நிறுவனத்தைத் தொடங்கினர். தாம் 1864 இல் வாக்களித்த ஆபிரகாம் லிங்கனின் பெயரையே லேலண்ட் அதற்குச் சூட்டினார். அந்நிறுவனம் லிபர்ட்டி எந்திரங்களைச் செய்தது. போருக்குப் பின் 1920 இல் தானுந்து தயாரிப்பில் இறங்கியது. ஆனால் பண நெருக்கடியால் நொடித்து, 1922 பெப்ரவரியில் ஹென்றி ஃபோர்டுக்கு 80 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. முன்பு ஃபோர்டு விலகிய நிறுவனத்தைக் காடிலாக்காக மாற்றிய லேலண்ட், தாம் தொடங்கிய லிங்கனை இருபது ஆண்டுகளுக்குப் பின் அவரிடமே ஒப்படைக்க நேர்ந்தது. ஃபோர்டு நிர்வாகத்துடன் ஒத்துப்போக இயலாமல் சில மாதங்களிலேயே தந்தையும் மகனும் வெளியேறினர்.

லேலண்ட் 1932 ஆம் ஆண்டில் தமது 89 ஆம் அகவையில் டிட்ராயிட்டில் காலமானார்.