தங்கைக்காகக் கேட்ட நன்கொடை

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நானும் பேசியிருக்கிறேன். சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், அவ்வை இல்லம் கண்டவர் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தால் கைதட்டல் கிடைக்கும். அவர் ஊர் ஊராகப் பணம் கேட்ட கதையை அப்போது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர மன்னரே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டரானார். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

1925-இல் மேற்படிப்புக்காக லண்டன் போனபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1935-இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை வெளிப்படையாகவே பேசினார். ஆனால் இந்த நோய் வந்தால் எப்படியும் சாவுதானே, தனி மருத்துவமனை எதற்கு என்று ஆட்சியில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. அரசாங்கத்தை நம்பிக் காத்திருக்காமல், 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கி மக்களிடம் கை நீட்டினார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

கை நீட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான்.) சிறுநீரகம் பழுதான அண்ணன் ஒருவருக்காகப் போன வருடம் நாங்கள் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனோம். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. சிலர் ஐந்து வெள்ளி கொடுத்தார்கள். சிலர் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்றார்கள். முத்துலட்சுமி கேட்ட அதே கேள்வி! மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. அதற்கு முன்பு சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களில் பலரையும் அப்படித்தான் கைவிட்டிருப்பார்கள்.

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. படுக்கைகள் வெறும் 12. தங்கை இறந்து 31 வருடங்கள் ஆகியிருந்தன. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு.

முத்துலட்சுமி 1968 ஜூலை 22-இல் காலமானார். பத்மபூஷண் விருது 1956-இலேயே வந்துவிட்டது. 12 படுக்கைகள் இன்று சில நூறுகளாகிவிட்டன. கையில் காசில்லாத நோயாளிகளுக்கு அங்கே இப்போதும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது. அதற்கான நன்கொடையையும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.