சேரன்மாதேவிப் பந்தி

வ.வே.சு. ஐயர் என்றதும் நம் நினைவுக்கு வருவன துப்பாக்கியும் சிறுகதையுமே. தேர்வுக்குப் படிப்போர் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்ற பெயரோடு நிறுத்திக்கொள்வர். எனக்கோ அவர் வாழ்வின் கடைசி மூன்று ஆண்டுகளே பெரிதாகப் படுகின்றன. காரணம் உண்டு. இலஞ்சியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாலைதோறும் ஊதியமின்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். நம் மலையடிவாரத்திலேயே, பொருநைக் கரையில், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துப் பள்ளி நடத்திய ஒரு மேதை எங்கே இடறினார் என்றறிய விழைந்தேன்.

ஐயர் 1881 ஏப்ரல் 2 அன்று திருச்சியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். திருச்சியிலும் இரங்கூனிலும் வழக்கறிஞர் தொழில் பார்த்தார். பாரிஸ்டர் பட்டத்துக்காக 1907-இல் இலண்டன் சென்றவரை, ‘இந்தியா ஹவுஸ்’ புரட்சியாளராக்கியது. போலீசார் தேடியபோது தாடியும் மாறுவேடமுமாகத் தப்பி, 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கிருந்த காலம் அது. திருக்குறளை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தது அங்கேதான். முதல் உலகப்போருக்குப் பின் சென்னை திரும்பி ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார். 1921-இல் இராசத் துரோக வழக்கில் சிறை புகுந்தார். சிறையிலிருந்தபடியே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூல் எழுதினார். மற்றவர்க்கு இவற்றில் ஒன்றே ஒரு பிறவிக்குப் போதும்!

வெளியே வந்தவர் 1922-இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். வெள்ளையர் கல்வி எழுத்தரை உண்டாக்குகிறது, நாம் மனிதரை உண்டாக்குவோம் என்பது அவர் எண்ணம். தமிழே பயிற்றுமொழி; ஏட்டுக் கல்வியோடு உடலுழைப்பும் தேசபக்தியும் பாடம். ‘பாலபாரதி’ என்ற இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பலரும் பொருளுதவி செய்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் குழு 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 கொடுத்தது.

பிறகுதான் பந்தி வந்தது. இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டது. பெற்றோருக்குத் தாம் வாக்குக் கொடுத்துவிட்டதாக ஐயர் சொன்னார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் இது தகுமா என்று பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கேட்டனர். கேள்வி நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐயரோ தீண்டாமையைப் போற்றியவரல்லர். முதலில் வந்த இரண்டு தகப்பன்மாரை இழக்க மனமில்லாமல் இசைந்திருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனால் தனியிலை போட்ட இருவரை மட்டுமா அது பாதித்தது? எதிர்வரிசையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே உண்ட பிள்ளைகள் அன்று என்ன கற்றிருப்பார்கள்?

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் சுண்டல் கொடுக்கும் நாளில் ஒரு தாயார் வந்து, தம் பையன் வீட்டுத் தம்ளரிலேயே தண்ணீர் குடிக்கட்டும் தம்பி என்று மெல்லக் கேட்டார். கேட்ட விதம் அவ்வளவு பணிவானது. மறுப்பது கடினமாகத்தான் இருந்தது. எல்லார்க்கும் ஒரே பானை, ஒரே தம்ளர்தான் அம்மா என்றோம். நான்கு நாள் பையன் வரவில்லை. ஐந்தாம் நாள் தானாகவே வந்தான். தாயாரைக் கேட்டு வந்தானா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

காந்தியடிகள் 1925 மார்ச்சில் சென்னை வந்தபோது வழக்கு அவரிடம் போயிற்று. இருக்கும் இருவரையும் வற்புறுத்த வேண்டாம், இனிமேல் சேர்வோர்க்கு இத்தகைய சலுகை கூடாது என்ற சமரசத்தை அவர் சொன்னார். எவர்க்கும் அது முழு நிறைவு தரவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதற்கு உடனடிக் காரணம் வகுப்புரிமைத் தீர்மானமே எனினும், சேரன்மாதேவியின் கசப்பும் அதிலிருந்தது.

அந்த மாநாட்டைக் காண ஐயர் இல்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தார். மகள் சுபத்திரை நீரில் தவறி விழ, மீட்கப் பாய்ந்த தந்தையும் மீளவில்லை. அவருக்கு வயது 44. குருகுலமும் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை.

(மூன்றாமாண்டு வரலாறு மாணவர், இலஞ்சி)