வாழவந்தியில் ஒரு தாய்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் தமிழர் நெஞ்சில் எழுவது இயல்பு. அம்மலையின் வாழவந்தியில் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரின் கல்லறையும் உள்ளது. அவரே ஈவ்லின் பிராண்ட் அம்மையார்.

1879-இல் இலண்டனில் செல்வக் குடியில் பிறந்த அவர், ஓவியம் பயின்றவர். சமயப் பணிக்கெனத் தமிழகம் வந்து, 1913-இல் நாமக்கல் சமவெளியிலுள்ள சேந்தமங்கலத்தில் ஜெசி பிராண்டை மணந்தார். மணம் முடிந்த கையோடு இருவரும் மலையேறினர். பால் என்ற மகனும் கானி என்ற மகளும் பிறந்தனர்.

முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் வாட்டியது. தொடக்கத்தில் அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவரும் நோயில் வீழ்ந்தார். அவருக்குப் பணிவிடை செய்தவர்கள் பிராண்ட் தம்பதியரே. இறக்கும் தறுவாயில் அவர் தம் மகனையும் கைக்குழந்தையான மகளையும் அவர்களிடம் ஒப்படைத்தார். அக்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டனர். விவிலியத்து ரூத், பிறந்த இனத்தை விட்டு வேற்றினத்தாரோடு வாழப் புகுந்தவள். மலையிலோ, வேற்றினத்துத் தாயே குழந்தையைத் தேடி வந்திருந்தாள்.

ஒரே வீட்டில் இரு நிறத்துப் பிள்ளைகள் வளர்ந்தனர். அன்பு வேறுபாடு காட்டவில்லை. காலத்தின் வழக்கம் காட்டியது. வெள்ளையர் தம் பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிக் கல்வி பயிற்றுவதே அந்நாளைய முறை. 1923-இல் ஒன்பது வயதுப் பாலும் அவன் தங்கையும் இங்கிலாந்தில் விடப்பட்டனர். 1929-இல் ஜெசி கருநீர்க் காய்ச்சலால் மறைந்தார். மகன் தந்தையை மீண்டும் காணவே இல்லை.

பெற்ற பிள்ளைகள் தாயின் அருகாமையை இழந்தனர். வளர்ப்பு மகளுக்குத் தாய்மடியும் தமிழும் மலையும் நிலைத்தன. தந்தை வழிபட்ட தெய்வமும் அவர் மரபும் அந்நியமாயின. எவருடைய இழப்பு பெரிது என்று அளந்து கூறல் எளிதன்று. பிறர் பிள்ளையை வளர்ப்போர், அப்பிள்ளை எதை விட்டு வந்தது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். அம்மையாரின் தியாகத்தைப் போற்றும்போது இதையும் எண்ணுவதே நேர்மை.

ஏறத்தாழ எழுபது வயதில் சபை ஓய்வளித்தபோதும், அம்மையார் தாமாகவே மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார். பால் பிராண்ட் 1946-இல் இந்தியா திரும்பி, வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றார். கடல் கடந்து அனுப்பிய மகன் தமிழ் மண்ணுக்கே மீண்டதைத் தாயின் கண்கள் கண்டன.

1974-இல் 95-ஆம் வயதில் அவர் மறைந்தார். வாழவந்தியில் கணவரின் அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. வாழ வந்தவர், அந்த மண்ணுக்கே உரியவரானார்.