தாயை விட்டுக்கொடுக்காத சாது சுந்தர் சிங்

அம்மா கோயிலுக்கும் மகன் தேவாலயத்துக்கும் போகும் தமிழ்க் குடும்பங்கள் கூலாய் போன்ற ஊர்களில் உண்டு. அம்மாவின் வேண்டுதலைக் கடவுள் கேட்பாரா? சாது சுந்தர் சிங்குக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல.

பஞ்சாபின் ராம்பூரில் 1889-இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மகன் சாதுவாக வேண்டும் என்பதே பக்தி மிகுந்த தாயாரின் ஆசை. ஏழு வயதுக்குள் பகவத் கீதையைக் கற்பித்தார். தாயார் மறைந்தபோது சுந்தருக்கு வயது 14. மன அமைதியிழந்த அச்சிறுவன் பைபிளை எரித்தான். 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலை, கடவுள் தன்னைக் காட்டாவிட்டால் ரயில் முன் விழுந்து சாவதென்று முடிவெடுத்து வேண்டினான். கிருஷ்ணரோ வேறோர் அவதாரமோ வரக்கூடும் என எதிர்பார்த்திருந்தான். இயேசுவைக் கண்டதாகப் பின்னாளில் கூறினார். வேண்டியபோது அவன் கிறிஸ்தவன் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

1905-இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றவர், காவியுடையிலேயே ஊர் ஊராகச் சென்று போதித்தார். 1918-இல் தென்னிந்தியா, இலங்கை எனவும், பின்னர் மலாயா, சிங்கப்பூர் எனவும் பயணம் செய்தார்.

மீட்பு கிறிஸ்துவால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிற சமயத்தாரின் மெய்யான தேடலிலும் அதே ஒளி வீசுகிறது என்றார். தமிழரான ஏ. ஜே. அப்பாசாமி, ஸ்ட்ரீட்டருடன் இணைந்து 1921-இல் வெளியிட்ட நூல் அவரது எண்ணங்களைப் பதிவு செய்தது. கிறிஸ்தவராகாமலே இறந்த தாயார் பரலோகத்தில் இல்லையென்றால், அவர் இருக்கும் நரகத்துக்கே தன்னையும் அனுப்பும்படி கடவுளிடம் கேட்கப்போவதாகவும் சுந்தர் சிங் சொல்லியிருக்கிறார். மிஷனரி உலகில் அன்று இப்படிப் பேசத் துணிவு வேண்டும்.

1929 ஏப்ரலில் திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பவில்லை.